காணொளிக் கூட்டங்களைப் பயனுற நடத்தும் முறை
(உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளின் நிர்வாகிகள் கவனத்திற்கு)

விளைபொருளைத் தனித்தனியே விற்று நஷ்டமடைவதைவிட, பல கிராமங்களின் விவசாயிகள் ஒன்றுகூடி ஒரு கம்பெனியாக அமைந்து விற்பது அனுகூலமானது என்பது இப்பொழுது பலரும் ஒப்புக்கொண்ட விஷயம். 2020-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மத்திய அரசாங்கத்தார் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை ஏற்படுத்தும் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், இத்தகைய கம்பெனிகள் நாடெங்கும் பெருகின. கம்பெனிகள் சட்டத்தின்படி இவற்றின் நிர்வாக சபையில் 5 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மேற்படாமலும் டைரக்டர்கள் இருத்தல் வேண்டும். அச்சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும், வருஷத்தில் நான்கு முறையேனும் கூடியாக வேண்டும். வியாபாரம் நன்கு நடைபெறும் கம்பெனியிலோ இந்த நான்கு கூட்டங்கள் போதா. அறுவடைக் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறைகூடக் கலந்து பேச வேண்டியதாகும்.

டைரக்டர்கள் பெரும்பாலும் விவசாயிகள். அவர்கள் ஒரே ஊரில் வசிப்பவர்களும் அல்லர். ஈரோட்டில் கூடும் ஒரு சபைக்குத் தாளவாடி மலையிலிருந்து வரும் டைரக்டர், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளையும் இறங்கிச் சத்தியமங்கலம் வழியாக வந்து சேர வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு முழு நாள் வேலை கெடும். ஆகையால், அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு பேசிக்கொள்ளும் காணொளிக் கூட்டம், அதாவது வீடியோ கான்பரன்ஸ் என்று வழங்கும் முறை, இக்கம்பெனிகளுக்கு மிகுந்த சௌகரியமாயிருக்கிறது. ஆனால் பிரயாணத்தை மிச்சப்படுத்தும் இந்தச் சாதனம், முறையறியாது கையாளப்படுமாயின், பிரயாணச் செலவைக் காட்டிலும் பன்மடங்கு நஷ்டத்தை உண்டாக்கவும் கூடும். அந்நஷ்டம் எவ்வாறு நேர்கிறது, அதைத் தவிர்க்கும் வழி யாது என்பன கீழே விவரிக்கப்படுகின்றன.

இம்முறை வளர்ந்த விதம்

தூரத்திலுள்ளவரைக் கண்டு பேச வேண்டும் என்ற முயற்சி புதியதன்று. 1927-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி அமெரிக்காவில் வாஷிங்டன் நகரிலிருந்து பேசிய ஹெர்பர்ட் ஹூவரின் உருவம் கம்பி மூலம் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டது. 1936-ம் வருஷத்தில் ஜெர்மனியில் பெர்லினுக்கும் லைப்சிக்குக்குமிடையே பொதுஜனங்கள் முகம் பார்த்துப் பேசும் டெலிபோன் ஏற்பட்டது. 1970-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வியாபாரிகளுக்காகப் படத்துடன் கூடிய டெலிபோன் வந்தது. கட்டணம் அதிகமாயிருந்தமையால் அது பரவவில்லை.

விவசாயத்துக்கு இம்முறை வந்து சேர்ந்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 2004-ம் வருஷத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் கிராம வள மையங்களைத் தொடங்கின. துணைக்கோள் வழியாகக் கிராமத்தார் தூரத்திலுள்ள நிபுணர்களைக் கண்டு பேசுவதற்கு அவை வகை செய்தன. பின்னர் 2020-ல் கொரோனா நோய் பரவி ஊரடங்கு ஏற்பட்டபோது, காரியாலயங்களும் பள்ளிக்கூடங்களும் காணொளியைக் கைக்கொண்டன. செல்போன் வைத்திருக்கும் எவரும் கூட்டத்தில் சேரக்கூடிய நிலைமை அதன் பின்னரே சாதாரணமாயிற்று.

ஓர் உதாரணம்

கருவி எளிதாகக் கிடைத்துவிட்டது. கூட்டம் நடத்தும் முறையோ பழைய வழக்கப்படியே இருந்து வருகிறது. இதனால் விளையும் தீங்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

மஞ்சள் விற்கும் ஒரு கம்பெனியில் 9 டைரக்டர்கள் இருப்பதாகக் கொள்ளலாம். மாசி மாதத்தில் ஒரு வியாபாரி 180 குவிண்டால் விரலி மஞ்சளை நல்ல விலைக்குக் கேட்கிறார். ஆனால் பணத்தை 30 நாள் கழித்துத் தருவதாகச் சொல்லுகிறார். மாலை 7 மணிக்குக் காணொளிக் கூட்டம் கூடுகிறது. அக்கிராசனர் விஷயத்தை எடுத்துரைத்து, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று வினவுகிறார். ஒருவரும் பேசவில்லை. திரையில் ஒன்பது முகங்களும் காணப்படுகின்றன. "அப்படியானால் எல்லோருக்கும் சம்மதம்" என்று சொல்லித் தீர்மானத்தை எழுதிவிட்டு, அவர் அடுத்த விஷயத்துக்குப் போகிறார்.

அந்த வியாபாரி முந்தைய வருஷத்தில் பக்கத்துக் கிராமத்தாருக்குப் பணம் கொடுக்காமல் இழுத்தடித்ததை, மலையிலிருக்கும் ஓர் அம்மையார் மட்டும் அறிவார். அவரும் டைரக்டரே. அக்கிராசனர் கேள்வி கேட்ட சமயத்தில் அவருடைய இணைப்பு தடைப்பட்டிருந்தது. திரையில் மற்றவர்கள் கண்டது, அரை நிமிஷத்துக்கு முன் நின்றுபோன அவருடைய படத்தையே. மீண்டும் இணைப்புக் கிடைத்தபோது சபை உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. முடிந்த விஷயத்தைக் கிளறுவது மரியாதையன்று என்று எண்ணி அவர் வாளாவிருந்தார். சரக்குப் போயிற்று. முப்பது நாள் தொண்ணூறு நாளாயிற்று. மஞ்சளை ஒப்படைத்த அங்கத்தினர்கள் அடுத்த சாகுபடிக்குக் கடன் வாங்கினார்கள்.

இதில் ஒருவரும் வஞ்சகம் செய்யவில்லை. கருவியும் முழுதும் பழுதாகிவிடவில்லை. மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டதொன்றே பிழை.

மௌனம் சம்மதமாகாமைக்குக் காரணம்

ஊர்ச் சாவடியிலோ கூட்டுறவுச் சங்கக் கட்டிடத்திலோ கூடும் கூட்டத்தில், சம்மதமும் ஆட்சேபமும் வாய்ச்சொல்லால் மட்டும் தெரிவிக்கப்படுவதில்லை. ஒருவர் நெற்றியைச் சுருக்குகிறார். மற்றொருவர் பக்கத்திலிருப்பவர் காதில் ஏதோ சொல்லுகிறார். இன்னொருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழ முற்படுகிறார். அனுபவமுள்ள தலைவர் இவற்றைக் கண்டு, "என்ன சங்கதி, சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுவார். கையகலத் திரையில் ஒன்பது முகங்கள் தெரியும்போது இக்குறிப்புகளில் பெரும்பாலானவை புலப்படா.

இரண்டாவது காரணம், குரல் வந்து சேரும் தாமதம். மக்கள் எதிரெதிரே இருந்து உரையாடும்போது, ஒருவர் நிறுத்துவதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே செல்லும் நேரம் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். உலகத்தின் பத்துப் பாஷைகளை ஒப்பிட்டு 2009-ம் வருஷத்தில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில் இது கண்டறியப்பட்டது. குரல் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் செல்ல 0.15 விநாடிக்கு மேற்படாதிருப்பது நலம் என்று சர்வதேசத் தந்தி டெலிபோன் துறையார் வகுத்திருக்கின்றனர். பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோள் வழியாகச் சென்றால், ஏறி இறங்குவதற்கு மாத்திரம் ஏறக்குறைய கால் விநாடி ஆகும். இணைப்பில் நெரிசல் உள்ள செல்போனிலும் இத்தகைய தாமதம் அடிக்கடி நேரிடும். இது அற்பமாகத் தோன்றினும், இருவர் ஒரே சமயத்தில் பேசத் தொடங்குவதும், இருவரும் நிறுத்துவதும், பிறகு கூச்சமுள்ளவர் பேசாமலே விட்டுவிடுவதும் இதனால் விளைகின்றன. உரத்த குரலும் நல்ல இணைப்பும் உடையவர்களே பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் பார்வையாளராகிவிடுகின்றனர்.

மூன்றாவதாக, பேசாதவர் உண்மையில் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்பதே நிச்சயமில்லை. மைக்கை மூடியிருக்கலாம். மூடியிருப்பதை மறந்து பேசிக்கொண்டும் இருக்கலாம். மின்சாரம் நின்றிருக்கலாம். ஆகையால், நேர்க்கூட்டத்தில் கண்ணால் அறிந்துகொண்டதைக் காணொளிக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்டே அறிய வேண்டும். கீழ்க்கண்ட முறைகளெல்லாம் இந்த ஒரு கொள்கையை அடிப்படையாகக் கொண்டவை.

கூட்டத்துக்கு முன் செய்யவேண்டியவை

உழாத நிலத்தில் விதைப்பது எவ்வளவு பயன் தருமோ அவ்வளவே முன்னேற்பாடில்லாத கூட்டமும் பயன் தரும். உற்பத்தியாளர் கம்பெனியின் நிர்வாக சபைக் கூட்டத்துக்கு 7 நாட்களுக்குக் குறையாமல் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவ்வறிவிப்புடனேயே நிகழ்ச்சி நிரலையும் அனுப்புதல் வேண்டும். காணொளிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று அல்லது நான்கு விஷயங்களுக்கு மேல் சேர்ப்பது தகாது. ஒவ்வொரு விஷயத்துக்கும் எதிரே, அது தெரிவிப்பதற்காகவா, கலந்து பேசுவதற்காகவா, தீர்மானிப்பதற்காகவா என்று குறிப்பிட்டால், எதற்குத் தயாராக வர வேண்டும் என்பதை டைரக்டர்கள் அறிந்துகொள்வர்.

வரவு செலவுக் கணக்கைக் கூட்டத்தின் நடுவே திரையில் காட்டுவது பெரும்பாலும் வீண். கம்ப்யூட்டரில் தெளிவாகத் தெரியும் எழுத்துகள் செல்போனில் கடுகளவாகிவிடும். கணக்கை இரண்டு நாள் முன்னதாகவே வாட்ஸ்அப் மூலம் அனுப்பிவிடுவதும், படிக்க இயலாதவர்களுக்குக் கம்பெனி ஊழியர் டெலிபோனில் வாசித்துக் காட்டுவதும் நலம்.

நேரத்தைக் குறிக்கும்போது கறவை நேரம், நீர் பாய்ச்ச மின்சாரம் வரும் நேரம், சந்தை நாள் இவற்றை விசாரித்தறிய வேண்டும். மதியம் இரண்டு மணி காரியாலயத்துக்குச் சௌகரியமாயிருக்கலாம். வயலில் இருப்பவருக்கு அது வசதியா என்று கேட்டே நிர்ணயித்தல் வேண்டும். சமையல் வேளையில் வைக்கும் கூட்டத்தில் பெண் டைரக்டர்கள் பெயரளவிலேயே கலந்துகொள்ள முடியும் என்பதையும் மறக்கலாகாது.

இடமும் கருவிகளும்

விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு செல்போனும், மைக்குடன் கூடிய காதுக்கருவியும் போதுமானவை. ஆயினும் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் வேண்டும்.

வெளிச்சம் முகத்தின் மேல் விழ வேண்டும். ஜன்னலுக்கோ வாயிலுக்கோ முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டு தோன்றும். செல்போனைக் கையில் பிடித்திருந்தால் படம் ஆடும். அதைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு செம்பிலோ புத்தக அடுக்கிலோ சாய்த்து நிறுத்தலாம்.

படத்தைவிடக் குரலே முக்கியம். படம் மங்கினாலும் கூட்டம் நடக்கும். குரல் கெட்டால் நடவாது. பம்ப்செட், மாவு மில், தொலைக்காட்சி இவற்றுக்கு அருகில் அமரலாகாது. ஒரே அறையில் இரண்டு செல்போன்கள் ஒலிபெருக்கியுடன் இயங்கினால், ஒன்றின் ஒலியை மற்றொன்று வாங்கி மீண்டும் எழுப்பி ஊளையிடும். அவ்வாறு இருவர் ஓரிடத்தில் இருக்கும்போது ஒரே செல்போனைப் பயன்படுத்த வேண்டும், அல்லது இருவரும் காதுக்கருவி அணிய வேண்டும். பேசாதவர் யாவரும் மைக்கை மூடி வைப்பது நன்று.

இணைப்பு குறைவான இடங்களில் எல்லோருடைய காமிராவையும் திறந்து வைப்பது கேடு. பலர் சேர்ந்த காணொளிக் கூட்டம் மணிக்குச் சுமார் 1 ஜிகாபைட்டோ அதற்கு மேலோ டேட்டாவை விழுங்கும். குரல் மட்டும் செல்வதானால் 100 மெகாபைட்டுக்கும் குறைவாகவே செலவாகும். தொடக்கத்தில் எல்லோரும் முகம் காட்டி வணக்கம் சொல்லிக்கொண்டபின், பேசுபவர் மட்டும் காமிராவைத் திறந்து வைத்தல் சிக்கனமான வழி. இணைப்பு அடியோடு அறுந்துவிடின் யாருக்கு டெலிபோன் செய்வது என்பதை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கம்பெனி ஊழியர் ஒருவர் அந்த எண்ணருகே காத்திருந்து, விடுபட்டவரைச் சாதாரண டெலிபோன் வழியாகவாவது சேர்க்கப் பாடுபட வேண்டும். உதாரணத்தில் கூறிய அம்மையாருக்கு இவ்வழி இருந்திருந்தால், அவருடைய எச்சரிக்கை சரியான சமயத்தில் சபைக்கு எட்டியிருக்கும்.

கூட்டத்தை நடத்தும் முறை

காணொளிக் கூட்டத்தில் அக்கிராசனரே கருவியையும் இயக்கி, குறிப்பும் எழுதி, விவாதத்தையும் நடத்துவது இயலாத காரியம். மூன்று வேலைகளையும் மூவரிடம் பிரித்தல் வேண்டும். கருவியைக் கவனிப்பவர், யாருடைய படம் நின்றது, யாருடைய குரல் வரவில்லை என்பதைப் பார்த்து அக்கிராசனருக்கு உடனே தெரிவிப்பார். குறிப்பு எழுதுபவர் தீர்மானங்களை அப்போதைக்கப்போது எழுதி வருவார்.

முதலில் பெயர் கூப்பிட வேண்டும். ஒவ்வொருவரும் தம் பெயரையும், தாம் இருக்கும் ஊரையும், நிகழ்ச்சி நிரல் தமக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். விவாதத்தின்போது, "யார் பேச விரும்புகிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லி அழைப்பதே சிறந்தது. அவ்வரிசையில் இணைப்புக் குறைந்த தூரத்து ஊராரையும், சபைக்குப் புதியவர்களையும் முன்னே அழைத்தல் வேண்டும். தலைவரும் மூத்தவர்களும் தம் அபிப்பிராயத்தைக் கடைசியில் சொல்லுவது உசிதம். பெரியவர் சொன்னபின் மாறாகப் பேசுவது மரியாதைக் குறைவு என்று எண்ணுவோர் நம் கிராமங்களில் பலர். அவர்களுடைய மனத்திலிருப்பது முன்னதாகக் கேட்டாலன்றி வெளிவராது. ஒருவரை வினவியபின் ஐந்து விநாடியேனும் பொறுத்திருந்து, பதில் வராவிட்டால் மீண்டும் ஒரு முறை பெயர் சொல்லி அழைத்தபின்னரே அடுத்தவரிடம் செல்ல வேண்டும்.

சிலர் காரியாலயத்தில் நேரிலும் சிலர் திரையிலும் இருக்கும் கலப்புக் கூட்டத்தில் அபாயம் இன்னும் அதிகம். நேரில் இருப்பவர்கள் தமக்குள் பேசிச் சிரித்துக்கொள்வர். திரையில் இருப்பவர்களுக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும். ஆகையால் இவ்வகைக் கூட்டங்களில் திரையிலிருப்பவர்களையே முதலில் பேசச் செய்தல் வேண்டும்.

தொகைகளைச் சொல்லும்போது விசேஷக் கவனம் தேவை. எழுநூறு என்பது எண்ணூறு என்று காதில் விழுவது எளிது. "பன்னிரண்டாயிரத்து எழுநூறு" என்று கூறியபின், "ஒன்று, இரண்டு, ஏழு, பூஜ்யம், பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்ல வேண்டும். அத்தொகை குவிண்டாலுக்கா, மூட்டைக்கா என்பதையும் கூடவே சொல்லுதல் அவசியம்.

கூட்டம் முக்கால் மணி நேரத்துக்கு மேற்படாதிருப்பது நன்று. காணொளியில் மனம் விரைவில் களைத்துப்போகிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெரமி பெய்லன்சன் 2021-ல் இதற்கு நான்கு காரணங்களை எடுத்துக் கூறினார். பல முகங்கள் மிக நெருக்கத்தில் உற்றுநோக்குவது போலத் தோன்றுவது ஒன்று. தம் முகத்தையே தாம் இடைவிடாது பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு. அசையாமல் ஓரிடத்தில் இருக்க நேர்வது மூன்று. பிறர் மெய்ப்பாடுகளை அறிய மூளை அதிகமாக உழைக்க வேண்டியிருப்பது நான்கு. நீண்ட கூட்டமாயின் நடுவே பத்து நிமிஷம் ஓய்வு விட்டு, மீண்டும் கூடியவுடன் எல்லோரும் திரும்பி வந்துவிட்டனரா என்று பெயர் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வியாபாரிகளுடன் பேசும்போது

சரக்கு வாங்குவோருடன் காணொளியில் பேசுவது, வெளிமாநிலத்து வியாபாரிகளையும் அணுகுவதற்கு நல்ல வழி. இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, எந்த விலைக்குக் குறைந்து கொடுப்பதில்லை என்று சபை ஆலோசிக்கும்போது வியாபாரி அக்கூட்டத்தில் இருக்கலாகாது. இதற்கெனத் தனிக் கூட்டம் வைத்து முடிவு செய்துகொண்டபின், வேறொரு இணைப்பில் வியாபாரியை அழைப்பதே பத்திரம். அவரைச் சற்று வெளியேற்றிவிட்டதாக நினைத்துப் பேசிக்கொண்டிருக்க, அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பது நேரக்கூடியதே. கூட்ட இணைப்பைப் பெரிய வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதும் தவறு. கடவுச்சொல் வைத்து, வருவோரைக் காத்திருப்பறையில் நிறுத்தி, முகமறிந்து உள்ளே விடுதல் வேண்டும்.

இரண்டாவது, சரக்கின் தரத்தைப் படத்தைக் கொண்டு நிர்ணயிக்கலாகாது. காமிரா வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். காலை வெயிலில் பொன்னிறமாய்த் தோன்றும் மஞ்சள், மின்விளக்கின் கீழ் வெளிறித் தோன்றும். மஞ்சளின் ஈரமும், முறித்தால் எழும் ஓசையும், மணமும் திரையில் வாரா. மாதிரிப் பொட்டலத்தை முன்னதாகத் தபாலில் அனுப்பி, அதே மாதிரியில் ஒரு பங்கை முத்திரையிட்டுக் கம்பெனியில் வைத்துக்கொண்டு பேசினால், பின்னால் தகராறுக்கு இடமிராது. ஈரமானியில் கண்ட அளவை எல்லோரும் பார்க்கும்படி காமிராவின் முன் காட்டலாம்.

மூன்றாவது, பேசி முடித்த விலை, அளவு, பணம் கொடுக்கும் நாள், வண்டிக் கூலி யாருடையது என்பனவற்றை அன்றே எழுத்தில் அனுப்பி, வியாபாரியின் ஒப்புதலையும் எழுத்தில் பெற வேண்டும். கூட்டத்தின் நடுவே எவரேனும் வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணைக் கேட்டால், அவர் யாராயினும் கொடுத்தலாகாது.

தீர்மானமும் நடவடிக்கைக் குறிப்பும்

டைரக்டர்கள் காணொளி வழியாக நிர்வாக சபைக் கூட்டத்தில் கலந்துகொள்வதைக் கம்பெனிகள் சட்டம், 2013, 173-ம் பிரிவில் அனுமதிக்கிறது. அதற்கான விதிகள் 2014-ல் வகுக்கப்பட்டன. வருஷாந்தரக் கணக்கை ஏற்றல் முதலிய சில விஷயங்களைக் காணொளியில் தீர்மானிக்கலாகாது என்று முன்பு இருந்த தடை, 2021-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நீக்கப்பட்டது. இவ்விதிகளைப் படிப்போர், மேலே கூறிய முறைகளில் பல அவற்றில் அடங்கியிருப்பதைக் காண்பர்.

விதிகளின்படி, பெயர் கூப்பிடும்போது ஒவ்வொரு டைரக்டரும் தாம் இருக்கும் இடத்தைச் சொல்லி, அங்கே வேறு எவரும் கூட்டத்தில் கலந்துகொள்ளவில்லை என்று உறுதி கூற வேண்டும். செல்போனை இயக்க மகனோ பேத்தியோ அருகில் இருக்க வேண்டியிருந்தால், அதைச் சொல்லி அக்கிராசனரின் அனுமதி பெறுவதே நேர்மையான வழி. பேசத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம்மை இன்னார் என்று அறிவித்தல் வேண்டும். ஒருவர் பேச்சு நடுவே தடைப்பட்டாலோ குழம்பினாலோ, அதைத் திரும்பச் சொல்லும்படி அக்கிராசனர் கேட்க வேண்டும். ஒரு பிரேரணைக்கு ஆட்சேபம் எழுந்தால், பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவருடைய வாக்கையும் பெற வேண்டும். ஒவ்வொரு விஷயமும் முடிந்தவுடன், தீர்மானத்தின் சாரத்தையும், மாறுபட்டவர்களின் பெயர்களையும் அக்கிராசனர் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். காணொளியில் கலந்துகொள்ளும் டைரக்டர் கோரத்தில் சேர்க்கப்படுவார். உற்பத்தியாளர் கம்பெனியில் கோரம் என்பது மொத்த டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மூவருக்குக் குறையலாகாது. அந்த எண்ணிக்கை கூட்டம் முடியும் வரையில் இருக்க வேண்டும். ஆதலால் இணைப்பு அறுந்தவர்களைக் கணக்கிலிருந்து விலக்கிப் பார்க்க வேண்டியது அவசியம்.

நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கூட்டம் முடிந்த 15 நாட்களுக்குள் எல்லா டைரக்டர்களுக்கும் அனுப்ப வேண்டும். பெற்றவர்கள் 7 நாட்களுக்குள் அதை ஒப்புக்கொள்ளவோ திருத்தம் சொல்லவோ வேண்டும். கூட்டத்தின் ஒலி ஒளிப் பதிவை அவ்வருஷத்துத் தணிக்கை முடியும் வரையிலாவது பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும். இங்குக் கூறியவை நிர்வாக சபைக் கூட்டத்துக்கு மட்டுமே உரியவை. அங்கத்தினர் அனைவரும் கூடும் பொதுச்சபைக்குரிய விதிகள் வேறு.

காணொளிக்கு ஏற்காதவை

எல்லாக் காரியங்களுக்கும் இம்முறை ஏற்றதன்று. அறிக்கைகளைக் கேட்டல், விலைக்கு ஒப்புதல் தருதல், விதை உரம் வாங்குவதற்கு அனுமதித்தல் முதலியவற்றுக்கு இது தக்கது. அங்கத்தினரிடையே மனஸ்தாபம் ஏற்பட்டுச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தாலோ, ஊழியர் ஒருவர்மேல் குற்றச்சாட்டை விசாரிக்க வேண்டியிருந்தாலோ, கிட்டங்கியிலுள்ள சரக்கைப் பரிசோதிக்க வேண்டியிருந்தாலோ நேரில் கூடுவதே நலம். புதிதாக அமைந்த சபையினர் முதல் இரண்டு கூட்டங்களையேனும் நேரில் கூடி நடத்தினால், ஒருவர் இயல்பை ஒருவர் அறிந்துகொள்வர். அப்பழக்கம் பின்னால் திரையில் பேசும்போதும் துணை நிற்கும்.

நினைவில் வைக்கவேண்டியவை

1. நிகழ்ச்சி நிரலையும் கணக்குகளையும் முன்னதாகவே அனுப்புக.
2. பால் கறவை, நீர்ப்பாசனம், சமையல் ஆகிய வேளைகளை விலக்கி நேரம் குறிக்க.
3. குரல் தெளிவே முதன்மை. இணைப்புக் குறைந்தால் காமிராக்களை மூடுக.
4. இணைப்பு அறுந்தவர் அழைப்பதற்கு ஒரு டெலிபோன் எண் எப்போதும் தயாராயிருக்கட்டும்.
5. பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் கேட்க. தூரத்தாரும் புதியவரும் முதலில், தலைவர் கடைசியில்.
6. தொகைகளை இருமுறை கூறுக.
7. தீர்மானத்தை உரக்க வாசித்தபின்னரே அடுத்த விஷயத்துக்குச் செல்க.

முற்கூறிய உதாரணத்தில் அக்கிராசனர் செய்திருக்க வேண்டியது அதிகமில்லை. ஒன்பது பெயர்களையும் கூப்பிட இரண்டு நிமிஷம் செல்லும். எட்டுப் பேர் பதிலளித்து ஒருவர் பதிலளிக்காதிருந்தால், அவருடைய இணைப்பு நின்றது அக்கணமே தெரிந்திருக்கும். டெலிபோனில் அவரை அழைத்துக் கேட்டிருந்தால், சரக்கை அனுப்புமுன் பாதிப் பணத்தையாவது முன்பணமாகப் பெற வேண்டும் என்ற நிபந்தனையைச் சபை விதித்திருக்கக்கூடும். அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சப்படுத்தியதால் அங்கத்தினர்கள் இழந்தது இரண்டு மாத வட்டி.

தூரம் காரணமாகச் சபைக்கு வர இயலாதிருந்த மலைக் கிராமத்தாரும், வீட்டைவிட்டு நெடுந்தூரம் வரமுடியாத பெண்களும் இப்பொழுது சபையில் அமர வழி பிறந்திருக்கிறது. அவர்கள் முகம் திரையில் தெரிந்தால் மட்டும் போதாது. அவர்கள் சொல்லும் சபையின் காதில் விழ வேண்டும். அதற்குரிய பொறுப்பு கருவியைச் சார்ந்ததன்று. பெயர் சொல்லி அழைத்துப் பதிலுக்குக் காத்திருக்கும் அக்கிராசனரையே சார்ந்தது.